பாட்டுக்குக் காத்திருந்த படச்சுருள்

16 மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய ஒரு சுட்டுவிரலின் அகலம். அந்த அகலத்துக்குள் ஓர் ஓரத்தில் துளைகள், மறு ஓரத்தில் ஒலித்தடம், நடுவே பத்து மி.மீ. அகலமும் ஏழரை மி.மீ. உயரமும் கொண்ட சட்டகம். ஓர் அடிச் சுருளில் 40 சட்டகங்கள். நிமிடத்துக்கு 36 அடி ஓடும். எண்பது நிமிடப் படம் என்றால் 2,880 அடி. 1923-இல் கோடாக் நிறுவனம் இந்த அளவை அறிமுகப்படுத்தியபோது அது வீட்டில் வைத்துப் படம் எடுக்கவும் பார்க்கவும்தான். பழைய நைட்ரேட் சுருளைப் போல இது தீப்பற்றி எரியாது என்பதால் பள்ளிக்கூடங்களும் ராணுவமும், பின்னர் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவுகளும் இதை எடுத்துக்கொண்டன. 35 மி.மீ.க்குப் பணமில்லாதவர்கள், ஸ்டுடியோ வாசலில் நிற்க மறுத்தவர்கள், தங்கள் தெருவைத் தாங்களே படம் பிடிக்க நினைத்தவர்கள் எல்லோரும் வந்து சேர்ந்த இடமும் இதுதான். உலகத்தின் மாற்று சினிமாவில் பெரும்பகுதி இந்தக் குறுகிய சுருளில் எழுதப்பட்டது. அவற்றில் ஒன்றின் கதையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆசை. சார்ல்ஸ் பர்னெட் எடுத்த 'கில்லர் ஆஃப் ஷீப்' என்ற படத்தின் சுருள் அது. ஒரு மாணவனின் பட்டப்படிப்பு ஆய்வேடாகப் பிறந்து, முப்பது ஆண்டு கழித்துத்தான் திரையரங்கத்துக்குப் போனது.

பர்னெட் 1944-இல் மிசிசிப்பி மாநிலத்தின் விக்ஸ்பர்க்கில் பிறந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் லாஸ் ஏஞ்சலஸின் தென்பகுதியிலுள்ள வாட்ஸுக்கு வந்துவிட்டது. தெற்கின் பருத்தி மாநிலங்களிலிருந்து வேலை தேடி மேற்கே வந்த கறுப்பினக் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. 1965 ஆகஸ்டில் போலீஸ் கெடுபிடிக்கு எதிராக அங்கே வெடித்த கிளர்ச்சி ஆறு நாள் நீடித்தது. 34 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வாட்ஸ் என்ற பெயரைச் செய்தியில் கேட்டவர்களுக்கு நெருப்பும் துப்பாக்கியும்தான் நினைவில் நின்றன. அங்கே காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவன் எப்படித் தூங்குகிறான், அவன் பிள்ளைகள் எதை வைத்து விளையாடுகிறார்கள் என்று காட்ட ஒரு கேமராவும் போகவில்லை.

அந்தக் கேமரா கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து, அதாவது யூ.சி.எல்.ஏ.யிலிருந்து வந்தது. அறுபதுகளின் கடைசியில் மாணவர்கள் போராடியதன் விளைவாக, கறுப்பின, ஆசிய, மெக்சிகோ வம்சாவளி, அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்களைத் திரைப்படத் துறைக்குள் கொண்டுவர அங்கே ஒரு தனித் திட்டம் தொடங்கியது. எலிசியோ டெய்லர் என்ற ஆசிரியர் அதற்காக உழைத்தார். எத்தியோப்பியாவிலிருந்து வந்த ஹைலே கெரிமா, லாரி கிளார்க், பில்லி வுட்பெரி, ஜூலி டாஷ், பென் கால்டுவெல் என்று சில ஆண்டுகளில் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. ஒருவர் படத்துக்கு இன்னொருவர் கேமரா பிடிப்பார். மற்றவர் ஒலிப்பதிவு செய்வார். நடிக்க ஆள் இல்லாவிட்டால் கூட இருப்பவரே நடிப்பார். கெரிமாவின் 'புஷ் மாமா'வுக்குக் கேமரா பிடித்தவர்களில் பர்னெட்டும் ஒருவர். லத்தீன் அமெரிக்கப் படங்களைச் சேர்ந்து பார்த்து, காலனிய எதிர்ப்புச் சிந்தனையாளர் ஃபனோனைச் சேர்ந்து படித்து, விடிய விடியச் சண்டை போட்டவர்கள். பிற்காலத்தில் விமர்சகர் கிளைட் டெய்லர் இவர்களுக்கு 'எல்.ஏ. ரெபெல்லியன்' என்று பெயர் வைத்தார்.

பர்னெட்டுக்கு அங்கே வாய்த்த இன்னோர் ஆசிரியர் பேஸில் ரைட். 1934-இல் இலங்கைக்குப் போய் 'சாங் ஆஃப் சிலோன்' எடுத்த அதே ஆங்கிலேய ஆவணப்படக்காரர். படம் பிடிக்கப்படும் மனிதனுக்கு மரியாதை கொடுக்க அவரிடம்தான் கற்றதாகப் பர்னெட் பின்னாளில் பல முறை சொல்லியிருக்கிறார். சிலோனில் தேயிலையும் புத்தர் சிலையும் எடுத்தவரிடம் வாட்ஸின் பையன் என்ன கற்றிருக்க முடியும் என்று தோன்றலாம். இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தெரியும்: உழைக்கும் உடலின் அருகே நின்று, அவசரப்படாமல் பார்க்கும் கண் இரண்டிலும் இருக்கிறது.

'கில்லர் ஆஃப் ஷீப்' எழுபதுகளின் முற்பாதியில் தொடங்கி வார இறுதிகளில் எடுக்கப்பட்டது. மொத்தச் செலவு பத்தாயிரம் டாலரைத் தாண்டவில்லை. அதிலும் பெரும்பகுதி நல்கைப் பணம். எழுத்து, இயக்கம், தயாரிப்பு, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் பர்னெட். ஒலிப்பதிவு செய்த சார்ல்ஸ் பிரேசி படத்தில் நடிக்கவும் செய்தார். நாயகன் ஸ்டானாக ஹென்றி கேல் சாண்டர்ஸ். அவர் வியட்நாம் போருக்குப் போய் வந்தவர். மனைவியாக கேசி மூர். மகளாக நடித்த குழந்தை ஏஞ்சலா, பர்னெட்டின் உறவுக்காரப் பெண். மற்றவர்கள் அக்கம்பக்கத்தார், தெருப் பிள்ளைகள். ஆடு வெட்டும் கூடத்துக் காட்சிகளை மட்டும் வட கலிபோர்னியாவின் வல்லேஹோவில் எடுத்தார்கள்.

ஸ்டான் ஆட்டுத் தொட்டியில் வேலை செய்கிறான். அவனுக்குத் தூக்கம் வருவதில்லை. மனைவியின் கை தோளில் படும்போது விலகிப் போகிறான். நண்பன் ஒருவனோடு சேர்ந்து சேர்த்த பணத்தில் பழைய கார் எஞ்சின் ஒன்றை வாங்குகிறான். மாடிப்படியில் மூச்சு வாங்க அதை இறக்கி, வண்டியின் பின்விளிம்பில் வைத்துவிட்டு வண்டியை எடுக்கிறார்கள். எஞ்சின் சரிந்து தெருவில் விழுந்து உடைந்து கிடக்கிறது. இறங்கிப் பார்க்கிறார்கள், விட்டுவிட்டுப் போகிறார்கள். கேமரா வண்டியிலிருந்து அந்த எஞ்சினைப் பார்த்தபடியே தள்ளிப் போகிறது. கதை என்று சொன்னால் இவ்வளவுதான். இவற்றுக்கிடையே பிள்ளைகள்: கல்லெறிகிறார்கள், புழுதியில் புரள்கிறார்கள், ஒரு வீட்டு மொட்டை மாடியிலிருந்து அடுத்த வீட்டுக்குத் தாவுகிறார்கள், கேமரா கீழே நின்று அந்தத் தாவலை அண்ணாந்து பார்க்கிறது. நாய் முகமூடி போட்ட ஒரு சிறுமி கதவருகே நின்று பெரியவர்களின் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வறுமையைப் பற்றி நான் பார்த்த படங்களில், பார்க்கப்படுகிறவர்களிடம் இவ்வளவு பொறுமையாக நடந்துகொண்ட படம் வேறில்லை.

படத்தில் ஆட்கள் குறைவாகவே பேசுகிறார்கள். அவர்களுக்காகப் பாட்டுகள் பேசுகின்றன. டைனா வாஷிங்டன், பால் ராப்சன், லூயி ஆம்ஸ்ட்ராங், லிட்டில் வால்டர், எல்மோர் ஜேம்ஸ், ஃபே ஆடம்ஸ், எர்த் விண்ட் அண்ட் ஃபயர், வில்லியம் கிராண்ட் ஸ்டில்லின் சிம்பொனி, நடுவே ரக்மானினாவ், கெர்ஷ்வின். வீட்டில் சுழன்ற இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்த ஒருவர், தன் மக்களின் நூற்றாண்டு முழுவதையும் ஒலித்தடத்தில் ஏற்றி வைத்ததுபோல இருக்கிறது. இருட்டறையில் ஸ்டானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பற்றிக்கொண்டு மெல்ல ஆடுகிறார்கள். ஒலிப்பது டைனா வாஷிங்டனின் 'திஸ் பிட்டர் எர்த்'. பாட்டு முடிகிறது, அவன் போய்விடுகிறான், அவள் சன்னலோரம் தனியாக நிற்கிறாள். 

அந்தப் பாட்டுகளுக்கு யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. வாங்கத் தோன்றவும் இல்லை. வகுப்பில் காட்டுவதற்கும் பட்டம் பெறுவதற்கும் எடுத்த மாணவப் படம் அது. வியாபாரத்துக்குப் போகும் என்ற எண்ணமே இல்லை. 1977-இல் பர்னெட் அதை முதுகலைப் பட்டத்துக்கான ஆய்வேடாகச் சமர்ப்பித்தார்.

நெகட்டிவ் பிறந்த கதை இது. 16 மி.மீ.யில் நெகட்டிவை வெட்டி ஒட்டுவதற்கு ஒரு தனி முறை உண்டு. சட்டகம் சிறியது என்பதால் ஒட்டிய இடம் திரையில் கோடாகத் தெரிந்துவிடும். அதனால் முதல் ஷாட்டை ஒரு சுருளிலும், இரண்டாவதை இன்னொரு சுருளிலும், மூன்றாவதை மீண்டும் முதல் சுருளிலும் என்று மாற்றி மாற்றி வைத்து, இடைவெளிகளைக் கறுப்பு ஃபிலிமால் நிரப்புவார்கள். லேபில் இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால்தான் ஒரு முழுப் பிரதி கிடைக்கும். ஆக இப்படிப்பட்ட படத்துக்கு மூலம் என்று ஒரே சுருள் இருப்பதில்லை. படத்துக்கு இரண்டு, ஒலிக்கு வேறு. ஒவ்வொரு முறை பிரதி எடுக்கும்போதும் அவை இயந்திரத்தில் ஓடித் தேய்கின்றன. ஸ்டுடியோ படத்துக்கு இதைத் தவிர்க்க இடைநிலை நெகட்டிவ்கள் செய்து வைப்பார்கள். கைக்காசு போட்டவனுக்கு அந்த வசதி ஏது? ஒரே ஒரு டப்பா தொலைந்தாலும் படம் பாதியாகிவிடும்.

பிரதிகள் பயணம் புறப்பட்டன. 1978 நவம்பரில் நியூயார்க்கின் விட்னி கலை அருங்காட்சியகத்தில் படம் காட்டப்பட்டது. 1981-இல் பெர்லின் திரைப்பட விழாவின் ஃபோரம் பிரிவில் விமர்சகர்கள் பரிசு கிடைத்தது. விருது கிடைத்தும் விநியோகஸ்தர் வரவில்லை. அதற்குப் பிறகு அருங்காட்சியகம், பல்கலைக்கழக வகுப்பறை, நூலகம், தேவாலயக் கூடம் என்று 16 மி.மீ. புரொஜெக்டர் உள்ள இடங்களுக்கே அது போய் வந்தது. தபாலில் டப்பா வரும், ஓட்டுவார்கள், அடுத்த ஊருக்குக் கட்டி அனுப்புவார்கள். ஃபிலிம் சொசைட்டி நடத்தியவர்களுக்கு இந்தச் சடங்கு தெரியும்: சுருள் முந்திய ஊரில் திருப்பிச் சுற்றப்படாமலே வந்திருக்கும், துளை கிழிந்திருக்கும், யாரோ ஒட்டுநாடாவால் ஒட்டியிருப்பார்கள், கிழிந்த இடத்தில் சில சட்டகங்கள் காணாமல் போயிருக்கும். மாற்று சினிமாவைப் பார்த்த தலைமுறை முழுவதும் இப்படித்தான், கீறல்களோடும் குதிப்புகளோடும் பார்த்தது. அந்தச் சுற்றில் கலந்துகொண்ட ஆசிரியர்களும் நூலகர்களும் சம்பளமில்லாத தொண்டர்களும்தான் அந்தப் படங்களின் முதல் காப்பாளர்கள். எந்தக் காப்பகத்தின் வரலாற்றிலும் அவர்கள் பெயர் இராது. இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

1990-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 'கில்லர் ஆஃப் ஷீப்'பைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. நாட்டின் செல்வம் என்று அடையாளம் காணப்பட்ட முதல் ஐம்பது படங்களில் ஒன்று. ஹாலிவுட் கோடிகளைக் கொட்டிய படங்களுக்குப் பக்கத்தில், பத்தாயிரம் டாலருக்குள் எடுத்த மாணவப் படம். ஆனால் அந்தக் கௌரவம் படத்தைக் கடைக்கோ அரங்கத்துக்கோ கொண்டுவரவில்லை. பெயரைக் கேட்டவர்கள் ஆயிரம் என்றால் பார்த்தவர்கள் பத்துப் பேர் என்ற நிலை. வகுப்பறைகளில் பிரதிமேல் பிரதி எடுத்து மங்கிப்போன வீடியோ கேசட்டுகள் சுற்றின. கறுப்பு வெள்ளையின் அத்தனை சாம்பல் நிறங்களும் அதில் சேறாகத் தெரியும்.

இதற்கிடையே சுருள் தன் பாட்டுக்கு மூப்படைந்துகொண்டிருந்தது. 'பாதுகாப்பான' ஃபிலிம் என்று பெயர் பெற்ற அசிடேட் சுருளுக்கு உள்ளேயே ஒரு நோய் உண்டு. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் அதன் அடித்தளம் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளிவிடத் தொடங்கும். டப்பாவைத் திறந்தால் காடி நெடி மூக்கைத் துளைக்கும்; வினிகர் சின்ட்ரோம் என்பார்கள். வெளிவந்த அமிலமே சிதைவை மேலும் வேகப்படுத்தும். சுருள் சுருங்கும், வளையும், நொறுங்கும். மேலே உள்ள படலம் உரிந்து வரும். பக்கத்து டப்பாக்களுக்கும் அது பரவும். இந்த நோயைப் பற்றிக் கோடாக் நிறுவனத்துக்கு முதன்முதலில் புகார் போனது இந்திய அரசிடமிருந்துதான். 1948-இல் புதிய டிரைஅசிடேட் ஃபிலிம் வந்து பத்தாண்டுகூட ஆகாத நிலையில், நம் வெயிலிலும் புழுக்கத்திலும் வைத்திருந்த சுருள்கள் கெட்டுப்போயின. உலகத்துக்கே எச்சரிக்கை கொடுத்தது நம் தட்பவெப்பம். அந்த எச்சரிக்கையை நாமே எவ்வளவு காதில் வாங்கினோம் என்பது தனியாக எழுத வேண்டிய வேதனை.

நோய்க்கு மருந்து கிடையாது. குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைத்துச் சிதைவின் வேகத்தைக் குறைக்கலாம். கெடுவதற்கு முன் வேறு சுருளுக்கு மாற்றலாம். இரண்டுக்கும் பணம் வேண்டும், இடம் வேண்டும். அதைவிட முக்கியமாக, இந்தச் சுருள் போனால் என்ன நஷ்டம் என்று தெரிந்த ஒருவர் வேண்டும். ஸ்டுடியோ படத்துக்கு உரிமையாளர் இருப்பார்; லாபம் வரும் என்றால் அவரே காப்பாற்றுவார். தனியாள் எடுத்த படத்துக்கு அப்படி யாருமில்லை. லேபில் வைத்த நெகட்டிவுக்கு வாடகை கட்ட முடியாமல் போகும், லேப் மூடப்படும், இயக்குநர் வீடு மாறுவார், டப்பா கார் நிறுத்தும் கொட்டகையில், அதாவது கோடையில் மிகவும் சூடாகும் இடத்தில், போய்ச் சேரும்.

'கில்லர் ஆஃப் ஷீப்'புக்கு வாய்த்த நல்லூழ், அது பிறந்த பல்கலைக்கழகத்திலேயே நாடாளுமன்ற நூலகத்துக்கு அடுத்தபடியாக அமெரிக்காவின் பெரிய திரைக் காப்பகம் ஒன்று இருந்ததுதான். யூ.சி.எல்.ஏ. காப்பகத்தில் ராஸ் லிப்மன் என்ற சீரமைப்பாளர் வேலை பார்த்தார். ஸ்டுடியோக்களுக்கு வெளியே எடுத்த படங்களே அவருடைய கவனம். ஜான் கஸவெட்டஸின் 'ஷேடோஸ்', 'ஃபேசஸ்' படங்களைச் சீரமைத்தவர். சிதையத் தொடங்கியிருந்த பர்னெட்டின் 16 மி.மீ. படத்தை 2000-ஆம் ஆண்டையொட்டி அவர் எடுத்துக்கொண்டு 35 மி.மீ.க்குப் பெரிதாக்கினார். பெரிதாக்கியதற்குக் காரணம் எளிமையானது: அன்றைய வணிகத் திரையரங்குகளில் 35 மி.மீ. புரொஜெக்டர்தான் இருந்தது. 16 மி.மீ.யில் இருக்கும்வரை படத்துக்கு அருங்காட்சியகம்தான் கதி.

இத்தகைய படத்தைச் சீரமைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எது காலம் செய்த சேதம், எது இயக்குநர் செய்தது? வெளிச்சம் போதாமல் எடுத்த காட்சியில் மணல்மணலாகத் தெரிவது சேதமா? வார இறுதியில் கடன் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்த இரைச்சல் குறையா? பெரிய நிறுவனத்தின் லேபில் கொடுத்தால் எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துப் பளபளவென்று ஆக்கிவிடுவார்கள். அப்படி ஆக்கினால் அது வாட்ஸின் தெருவில் பத்தாயிரம் டாலருக்குள் எடுத்த படமாக இருக்காது. கீறலை எடுக்கலாம், கிழிசலைத் தைக்கலாம். வறுமையின் தடத்தை அழிக்கக் கூடாது. லிப்மன் இந்த அறக்கேள்வியைப் பற்றியே விரிவாக எழுதியிருக்கிறார். டிஜிட்டலில் எதையும் சுத்தம் செய்ய முடியும் என்று வந்துவிட்ட இன்று, தமிழில் பழைய படங்களை மெருகேற்றி வெளியிடுகிறவர்களும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுவே என்பேன்.

சுருள் பிழைத்துவிட்டது. படம் பிழைக்கவில்லை. பாட்டுகள் வழியில் நின்றன.

ஓர் இசைத்தட்டைப் படத்தில் வைக்க இரண்டு பேரிடம் உரிமை பெற வேண்டும்: பாட்டை இயற்றியவரின் உரிமையை வைத்திருக்கும் பதிப்பாளரிடம் ஒன்று, அந்தக் குறிப்பிட்ட ஒலிப்பதிவை வைத்திருக்கும் இசைத்தட்டு நிறுவனத்திடம் ஒன்று. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முந்திய தட்டுகளுக்கு அவர்கள் யார் என்று கண்டுபிடிப்பதே துப்பறியும் வேலை. கம்பெனிகள் கைமாறி, ஒன்றில் ஒன்று கரைந்துபோயிருக்கும். நியூஜெர்சியில் டெனிஸ் டோரோஸ், ஏமி ஹெல்லர் என்ற தம்பதி நடத்திய மைல்ஸ்டோன் என்ற சிறிய விநியோக நிறுவனம் இந்த வேலையைக் கையில் எடுத்தது. ஆறு ஆண்டுகள் பிடித்தன. உரிமைகளுக்கான செலவு ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் டாலர். படம் எடுக்க ஆன செலவைப் போல பதினைந்து மடங்கு. இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் பணம் கொடுத்து உதவியிராவிட்டால் அது நடந்திருக்காது.

பணம் கொடுத்தும் ஒரு பாட்டு கிடைக்கவில்லை. படத்தின் கடைசியில் ஸ்டான் மீண்டும் ஆடு வெட்டும் கூடத்தில் நிற்கிறான். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகிறான். அங்கே டைனா வாஷிங்டன் பாடிய 'அன்ஃபர்கெட்டபிள்' ஒலிக்கும்படி பர்னெட் அமைத்திருந்தார். அதற்கான உரிமை கைக்கு வரவில்லை. வேறு வழியின்றி, முன்பு கணவனும் மனைவியும் ஆடிய 'திஸ் பிட்டர் எர்த்' பாட்டையே முடிவிலும் மறுபடி வைத்தார்கள். 2007-இல் புதிதாகப் பார்த்தவர்கள் அந்தத் திரும்பலை ஒரு கலைத் தீர்மானமாகவே எடுத்துக்கொண்டார்கள். என்னையும் முதலில் அது உலுக்கியது. படுக்கையறையின் துயரம் கொலைக்கூடத்துக்குள்ளும் தொடர்வதுபோல் இருந்தது. அது நல்ல முடிவுதான். ஆனால் பர்னெட் வைத்த முடிவு வேறு. கசப்பைச் சொல்லி முடிக்காமல், அந்தக் கூடத்துக்குள் ஒரு காதல் பாட்டை ஓடவிட்டு முடித்திருந்தார். அந்த மனிதன் வேலை செய்து குடும்பத்தைத் தாங்குகிறான் என்பதில் இருக்கிற பிரியத்தை அது சொன்னது. ஆக, முப்பது ஆண்டு சுற்றித் தேய்ந்த பழைய 16 மி.மீ. பிரதிகளே மூலப் படம் எப்படி முடிந்தது என்பதற்குச் சாட்சியாக நின்றன. சீரமைத்த புதிய பதிப்பு வந்ததும் கீறல் விழுந்த பழைய பிரதியைக் கழித்துவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. இந்த ஒரு படத்தின் கதையே அதற்கு எதிரான வாதம்.

2007 மார்ச் கடைசியில் நியூயார்க்கில் படம் திரையரங்குக்கு வந்தது. ஆய்வேடாக ஒப்படைத்து முப்பது ஆண்டு. அமெரிக்காவின் ஊர் ஊராகப் போய் நாலு லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. பர்னெட்டின் அடுத்த படம் 'மை பிரதர்ஸ் வெடிங்' 1983-இல் முடிவடையாத நிலையிலேயே விழாவுக்கு அவசரமாக அனுப்பப்பட்டு, மந்தமான விமர்சனத்தால் முடங்கிப்போனது. இப்போது மைல்ஸ்டோன் உதவியோடு அவரே உட்கார்ந்து அதை மறுபடி வெட்டித் தொகுத்தார். மாடி விட்டு மாடி தாவும் பையனின் படம் 2009-இல் மோஸ் டெஃப் என்ற ராப் பாடகரின் இசைத்தொகுப்பு அட்டையில் வந்தது. உரிமை கிடைக்காத பாட்டுகளால் முடங்கிக் கிடந்த படம் இப்படி ஓர் இசைத்தொகுப்பின் முகமானது.

ஒரு படம் கரையேறியதும் பக்கத்துப் படங்களைத் தேடுகிற வேலை தொடங்கியது. ஐம்பதுகளின் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸின் பங்கர் ஹில்லில் வாழ்ந்த அமெரிக்கப் பூர்வகுடி இளைஞர்களைப் பற்றி கென்ட் மெக்கன்ஸி எடுத்த 'தி எக்ஸைல்ஸ்' படத்தை தாம் ஆண்டர்சனின் 'லாஸ் ஏஞ்சலஸ் பிளேஸ் இட்செல்ஃப்' என்ற ஆவணப்படம் 2003-இல் நினைவூட்டியது. லிப்மன் சீரமைத்தார், மைல்ஸ்டோன் 2008-இல் வெளியிட்டது, பர்னெட் தன் பெயரைக் கொடுத்து அதை முன்னிறுத்தினார். நியூயார்க்கில் கேத்லீன் காலின்ஸ் 1982-இல் எடுத்த 'லூசிங் கிரவுண்ட்' அவர் வாழ்நாளில் திரையரங்கைப் பார்க்கவேயில்லை. 46 வயதில் அவர் இறந்து பல ஆண்டு கழித்து, நெகட்டிவ் இருந்த லேபிலிருந்து அவருடைய மகளுக்குத் தகவல் வந்தது. மகள் அதை மீட்டெடுத்தார், 2015-இல் படம் வெளியானது. அந்தத் தகவல் வேறு முகவரிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

யூ.சி.எல்.ஏ. காப்பகமும் தன் பழைய மாணவர்களை முறையாகத் தேடியது. ஆலிசன் நாடியா ஃபீல்டு, யான் கிறிஸ்டோஃபர் ஹொராக், ஜாக்குலின் ஸ்டூவர்ட் முதலியோர் முன்னின்று 2011-இல் எல்.ஏ. ரெபெல்லியன் படங்களை ஒன்றாகத் திரையிட்டார்கள். படங்களை மட்டும் சேர்க்கவில்லை. இயக்குநர்களை உட்காரவைத்து மணிக்கணக்கில் வாய்மொழி வரலாறு பதிந்தார்கள். கடிதம், சுவரொட்டி, படப்பிடிப்புப் புகைப்படம், எழுதிக் கைவிட்ட திரைக்கதை எல்லாம் சேகரித்தார்கள். முதலாண்டு மாணவர்கள் பயிற்சிக்காக எடுத்த குறும்படங்களையும் தேடினார்கள். 2015-இல் அது ஒரு பெரிய நூலாகவும் வந்தது. நான் இந்த வேலையை மிக உயர்வாக மதிக்கிறேன். ஏனென்றால் ஓர் இயக்கத்தின் தலைசிறந்த ஐந்து படங்களை மட்டும் காப்பாற்றினால் மேதைகளின் வரலாறுதான் மிஞ்சும். யார் யாருக்குக் கேமரா பிடித்தார்கள், யார் வீட்டில் சாப்பிட்டார்கள், எந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எதை எடுக்கப் போனார்கள் என்பது அந்தத் துண்டுக் காகிதங்களிலும் அரைகுறைப் பயிற்சிப் படங்களிலும்தான் இருக்கிறது. கெரிமாவைப் போன்றோர் காப்பகத்தை எதிர்பார்த்து நிற்கவில்லை. அவர் வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு எதிரே சங்கோஃபா என்ற புத்தகக் கடையைத் தானே தொடங்கி, தன் படங்களைத் தானே விநியோகித்து வந்திருக்கிறார். தங்கள் மக்களின் நினைவைப் பெரிய நிறுவனங்களை நம்பி ஒப்படைக்கலாமா என்ற அவருடைய ஐயத்தில் நியாயம் இருக்கிறது. அந்த நிறுவனங்கள் அவர்கள் படங்களை முப்பது ஆண்டு திரும்பிப் பார்க்கவில்லையே.

பர்னெட்டுக்கு 2017-இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். அப்போதும் அவருடைய ஒரு முழுநீளப் படம் உலகத்தின் கண்ணில் படாமலே இருந்தது. ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ், லின் ரெட்கிரேவ் நடித்த 'தி அனைஹிலேஷன் ஆஃப் ஃபிஷ்' 1999-இல் டொரண்டோ விழாவில் காட்டப்பட்டு, ஒரு கடுமையான விமர்சனத்தோடு பெட்டிக்குள் போனது. கால் நூற்றாண்டு கழித்து, சீரமைக்கப்பட்ட பிரதியாக அது 2025 பிப்ரவரியில் அரங்குக்கு வந்தது. நாயகனும் நாயகியும் அதற்குள் காலமாகிவிட்டார்கள்.

அதே ஆண்டு ஏப்ரலில் 'கில்லர் ஆஃப் ஷீப்' மூன்றாவது முறையாகப் புறப்பட்டது. யூ.சி.எல்.ஏ.யும் மைல்ஸ்டோனும் கிரைட்டீரியன் நிறுவனமும் சேர்ந்து 4கே அளவில் அதைப் புதிதாகச் சீரமைத்திருந்தார்கள். இம்முறை உரிமைப் பத்திரமும் வந்துவிட்டது. கடைசிக் காட்சியில், ஆடுகள் கூடத்துக்குள் நகரும்போது, 'அன்ஃபர்கெட்டபிள்' ஒலிக்கிறது. பர்னெட்டுக்கு அப்போது 81 வயது. 2007 பதிப்பை மனப்பாடமாகப் பார்த்து வைத்திருக்கும் என் போன்றவர்கள் இனி இந்த முடிவோடு படத்தை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.